தமிழ் நூல் படிக்க ஈ-ரீடர்: ஏற்காட்டுக்கும் பழைய ஸ்கேன் நூல்களுக்கும் எது ஒத்துவரும்?

நாகலூர்

வணக்கம். ஏற்காட்டில் அப்பாவுக்கு ஒரு ஈ-ரீடர் வாங்க வேண்டும். வயது 72, கண்புரை அறுவை முடிந்திருக்கிறது, சின்ன எழுத்து ஆகாது. அவர் படிப்பது மூன்று வகை. விலைக்கு வாங்கும் தமிழ் நாவல்கள், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இருக்கும் சங்க நூல்களும் உரைகளும், தமிழ் இணைய மின்னூலகத்திலிருந்து இறக்கி வைத்த பழைய நூல்களின் பிடிஎஃப். கடைசியில் சொன்னது மட்டும் 150 இருக்கும். தினம் நாலு மணி நேரமாவது படிப்பார். மழை நாளில் கரண்ட் இருக்காது. பட்ஜெட் 20,000.

அமேசானின் கிண்டில் பேப்பர்ஒயிட், சாதாரண டேப்லெட், ஆண்ட்ராய்டு வைத்த ஈ-இங்க் கருவி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

அஸ்தம்பட்டி வாசகி

கருவியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 150 பிடிஎஃப்பைத் தரம் பிரியுங்கள். உங்களுக்கு எது சரிப்படும் என்பதை அந்தக் கோப்புகள்தான் முடிவு செய்யும்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து நடுப்பக்கத்தில் ஒரு வரியை மவுஸால் தேர்வு செய்து பாருங்கள். வரி தேர்வாகவே இல்லை என்றால் அது பக்கத்தின் படம், ஸ்கேன். தேர்வாகிறது என்றால் அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் தமிழாகவே விழுந்தால் யூனிகோட், இன்றைய பொதுக் குறியீட்டு முறை. ஆங்கில எழுத்தும் குறியுமாக விழுந்தால் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துரு. தமிழாகவே விழுந்து, 'கெ' என்பது 'ெக' என்று கொம்பு முன்னால் வந்து நின்றால் அது யூனிகோட்டிலேயே இன்னொரு வகை. பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்துக்கொள்வதால் வரும் வினை இது. பார்க்க ஒழுங்காக இருக்கும், மாற்றப் போனால்தான் குளறும்.

ஸ்கேன்தான் அதிகம் என்றால் ஆறு, ஏழு அங்குல ஈ-ரீடரில் அவர் கஷ்டப்படுவார். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எழுத்தாகவே சேமித்த ஈபப் மாதிரி மின்னூல் கோப்புக்குத்தான் உண்டு. ஸ்கேனில் படத்தைத்தான் இழுத்துப் பெரிதாக்க முடியும், வரி திரைக்கு வெளியே ஓடிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு

வாசகி அக்கா சொன்னதற்கு அளவு தருகிறேன், ஸ்கேல் வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

தமிழ் நூல்களில் அதிகம் புழங்குவது டெமி 1/8 அளவு. ஓரத்து வெள்ளையை விட்டால் அச்சுப் பகுதி ஏறத்தாழ 10.5 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம். ஓரத்தை வெட்டிவிட்டுத் திரையில் போட்டால்:

6 அங்குலத் திரை 9 × 12.2 செ.மீ. முழுப்பக்கமும் தெரிய வேண்டுமென்றால் எழுத்து 72 சதவீதமாகச் சுருங்கும். 11 புள்ளி எழுத்து 8 புள்ளிக்கு வந்துவிடும்.

7 அங்குலம், அதாவது 2024 பேப்பர்ஒயிட், 10.7 × 14.2 செ.மீ. இதில் 84 சதவீதம்.

8.7 அங்குல டேப்லெட் ஏறத்தாழ 11.3 × 18.9 செ.மீ. அச்சு அளவுக்கு ஒரு பொடி பெரிதாகவே தெரியும்.

10.3 அங்குல ஈ-இங்க் 15.7 × 20.9 செ.மீ. 123 சதவீதம்.

கருவியைப் படுக்கையாகத் திருப்பினால் கதை மாறும். 7 அங்குலத் திரையில் அகலம் 14.2 கிடைப்பதால் எழுத்து 135 சதவீதமாகும். ஆனால் ஒரு திரைக்குப் பக்கத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான், 46 சதவீதம், தெரியும். ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டு. நாவலை அப்படிப் படித்துவிடலாம். அடிக்குறிப்பு உள்ள உரைநூலில் மேலும் கீழும் போய்வருவது பெரும்பாடு. ராயல், கிரவுன் 1/4 அளவுப் பெரிய நூல்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

சூரமங்கலம்

அப்ப டேப்லெட்டே போதும்ங்க. கிண்டில் ஆப், கூகுள் பிளே புக்ஸ், பிடிஎஃப் எல்லாம் ஒரே இடத்தில் ஓடும். கண் வலித்தால் கூகுளின் தமிழ்க் குரலில் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். விலையும் குறைவு. வெறும் புத்தகத்துக்கு மட்டும் தனியாக ஒரு கருவி எதற்கு?

அஸ்தம்பட்டி வாசகி

@சூரமங்கலம் குரல் வாசிப்பு யூனிகோட் எழுத்துக்குத்தான். ஸ்கேனைக் கொடுத்தால் அது வாயே திறக்காது. மற்றபடி ஸ்கேனுக்கு டேப்லெட் நல்லது என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

ஆனால் தினம் நாலு மணி நேரம், 72 வயது, அறுவை செய்த கண். டேப்லெட்டின் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஈ-இங்க்கில் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாக நிற்கின்றன, அச்சடித்த தாள் மாதிரி வெளி வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. திண்ணையில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் டேப்லெட்டில் முகம்தான் தெரியும், ஈ-இங்க்கில் எழுத்து இன்னும் துலங்கும். எடையையும் பாருங்கள். அடிப்படைக் கிண்டில் 158 கிராம், 2024 பேப்பர்ஒயிட் 211 கிராம், 8.7 அங்குல டேப்லெட் 330 கிராமுக்கு மேல். படுத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு அந்த நூறு கிராம் மணிக்கட்டில் தெரியும்.

ஒண்டிக்கடை

மலைக்கு ஒத்துவருமான்னு யாரும் சொல்லலையே, அதை நான் சொல்றேன்ங்க.

கரண்ட் விஷயத்துல ஈ-ரீடர்தான். பேப்பர்ஒயிட்டுக்கு 12 வாரம் சார்ஜ் நிக்கும்னு போட்டிருக்கும். அது தினம் அரை மணி நேரம், வைஃபை அணைச்சு, விளக்கோட வெளிச்ச அளவை 13ல வெச்சுப் போட்ட கணக்கு. மொத்தம் 42 மணி நேரம். நாலு மணி படிச்சா பத்து நாள்னு வெச்சுக்கங்க. அதுவே போதும்ங்க, மழையில கரண்ட் ரெண்டு நாள் இல்லாட்டியும் கவலையில்ல. டேப்லெட்டு எட்டு, பத்து மணி நேரத்துல உக்காந்துரும்.

வாங்கின அன்னிக்கே இருநூறு புத்தகத்தை ஏத்தி, ரெண்டு நாள்ல சார்ஜ் காலின்னு புலம்புறவங்க நிறைய. தேடுறதுக்காக அது ஒவ்வொரு புத்தகத்தையும் உள்ளுக்குள்ள அட்டவணை போடும், அதுவரைக்கும் பேட்டரி கரையும். பத்துப் பத்தா ஏத்தி, ராத்திரி சார்ஜ்லயே விட்டுருங்க. ஒரு கெட்டுப்போன கோப்பு இருந்தா அதுலயே மாட்டிக்கும். எங்கயுமே வராத ஒரு சொல்லைத் தேடுங்க, இன்னும் அட்டவணை போடாத புத்தகம் எதுன்னு கிண்டிலே காட்டும். அதை மட்டும் அழிச்சாப் போதும்.

ஈரம்: பேப்பர்ஒயிட்டுக்கு ஐபிஎக்ஸ்8னு தண்ணி தாங்கற தரம் இருக்கு. நல்ல தண்ணியில 2 மீட்டர் ஆழத்துல 60 நிமிஷம் தாங்கும்னு கணக்கு. அடிப்படைக் கிண்டிலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பனிமூட்டம் வீட்டுக்குள்ளயே வர்ற ஊருக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே பேப்பர்ஒயிட் எடுக்கலாம்ங்க. ஆனா நனைஞ்ச கருவியை உடனே சார்ஜ்ல போடக் கூடாது, சார்ஜ் குத்துற இடத்துல ஈரம் முழுக்கக் காயணும்.

சூடு: கிண்டில் வேலை செய்யற வெப்பம் 0லருந்து 35 டிகிரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்க பிரச்சினையில்ல. கீழ இறங்கும்போதுதான் கவனம். சித்திரை வெயில்ல சேலத்துல பூட்டுன கார்லயோ வண்டி சீட்டுக்கு அடியிலயோ விட்டுட்டுப் போகாதீங்க, பேட்டரி உப்பிக்கும்.

இன்னொண்ணு, பெரும்பாலும் ஈ-ரீடர் சாகறது இதனாலதான். ஈ-இங்க் திரைக்கு உள்ள ரொம்ப மெல்லிசா ஒரு கண்ணாடித் தகடு இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பும்போது பைக்குள்ள டிபன் பாக்ஸ் மூலை அழுத்தினாலே விரிஞ்சிரும். மேல தடவிப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா ஒரு மூலையில பழைய பக்கம் அப்படியே நிக்கும், கோடு கோடா ஓடும். விளக்கு, தொடுபலகை எல்லாம் சேர்த்து ஒட்டியிருக்கிறதால திரை மாத்தற செலவு புதுசு வாங்கற விலைக்குப் பக்கத்துல போயிரும். கெட்டி மூடி போட்ட உறை, அதுவும் முன்பக்கம் வளையாத மூடி, முதல் நாளே வாங்கிருங்க.

நாகலூர்

அனைவருக்கும் நன்றி. வாசகி மேடம் சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். 150ல் 96 ஸ்கேன். 31 யூனிகோட், அதில் பாதிக்கு மேல் 'ெக' என்று கொம்பு முன்னால் வருகிறது. மீதி 23 பழைய எழுத்துரு. அப்பா அடிக்கடி எடுப்பது ஸ்கேனில் ஒரு இருபது நூல்தான். 'ெக' வகையை ஈபப் ஆக்க முடியுமா?

மரவனேரி

முடியும் தம்பி. காலிபர் போதும், மின்னூல் வடிவம் மாற்றும் இலவச மென்பொருள். முதலில் பிடிஎஃப்பின் எழுத்து முழுவதையும் நகலெடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டு, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். அதை காலிபரில் சேர்த்து ஈபப் ஆக்கும்போது 'தேடு, மாற்று' பகுதியில் இதைக் கொடுங்கள்:

தேடு: ([ெேை])([க-ஹ])
மாற்று: \2\1

முன்னால் நிற்கும் கொம்பையும் சங்கிலிக் கொம்பையும் அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ளிவிடும். பிறகு தனியாக நிற்கும் ெ + ா சேர்ந்தது ொ ஆகவும், ே + ா சேர்ந்தது ோ ஆகவும் இருக்கும்படி இன்னும் இரண்டு மாற்றம்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இதை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். 'செய்' என்று சரியாக இருக்கும் சொல்லிலும் கொம்புக்கு அடுத்து ஒரு மெய் வருகிறதல்லவா? இரண்டாம் முறை ஓட்டினால் அந்தக் கொம்பு யகரத்துக்குத் தாவிவிடும், நூல் முழுக்கப் பாழ். சில பக்கம் சரியாகவும் சில பக்கம் புரண்டும் இருக்கும் கோப்பில் இதே ஆபத்து. அதனால் மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 'க்ஷே' வரும் இடங்களில் கொம்பு 'க'வோடு நின்றுவிடும், வடசொல் மிகுந்த உரைநூல் என்றால் அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். ஔகாரத்தையும் பாருங்கள். 'கௌ' என்பதைக் 'கெள' என்று ளகரம் போட்டே தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

பழைய எழுத்துரு 23க்கும் எழுத்துருவின் பெயர் தெரிந்தால் இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. பிடிஎஃப் பண்புகளில் எழுத்துரு என்ற தாவலில் பெயர் இருக்கும். பாமினி மாற்றியில் வானவில் எழுத்தைப் போட்டுவிட்டுக் குழம்ப வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் விசை அடுக்கு வேறு. மதுரைத் திட்ட நூல்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். 1998ல் தொடங்கிய திட்டம் என்பதால் பல நூல்கள் முதலில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் ஏறின. பிறகு யூனிகோட் வடிவமும் தந்திருக்கிறார்கள், அந்த வலைப்பக்கக் கோப்பை எடுத்து நேராக காலிபரில் போடுங்கள்.

ஈபப் ஆனதும் விவரப் பகுதியில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போடுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள், ஆங்கிலம் என்றே இருக்கும். கருவி எழுத்துருவைத் தேர்வதற்கு மொழிக் குறிப்பைத்தான் பார்க்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு

கோபோ, பாக்கெட்புக், பூக்ஸ் என்று வேறு நிறுவன ஈ-ரீடர் எதை வாங்குவதாக இருந்தாலும் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனைக் கோப்பு செய்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி போதும்:

கொக்கு, கௌதாரி, ஔவை, கூழ், நூறு, தேனை, க்ஷேத்திரம், ஸ்ரீ

'கொ'வில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். 'க'வுக்குப் பின்னால் புள்ளி வட்டம் தெரிந்தால் அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியாது, எழுத்துரு மாற்றினாலும் தீராது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு மட்டும்தான் இல்லை, அது சுலபம். 'ஸ்ரீ' மட்டும் உடைந்தால் எழுத்துருவின் குறை.

அப்படிக் கோக்கத் தெரியாத கருவியிலும் கோரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட முடிந்தால் தமிழ் சரியாக வரும். கோபோவிலும் பாக்கெட்புக்கிலும் ஆண்ட்ராய்டிலும் அது ஓடும். அதன் எழுத்துருக் கோப்புறையில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடுங்கள். ஸ்கேன் பக்கத்தின் ஓரத்தைத் தானே வெட்டி, பாதிப் பக்கமாக நகர்த்திக் காட்டும் வசதியும் அதில் உண்டு. கிண்டிலில் போட வேண்டுமென்றால் அமேசான் மென்பொருளில் போட்டிருக்கும் பூட்டை உடைக்க வேண்டும், அது பெரியவர் கருவிக்கு வேண்டாத வேலை.

நாவல்களை விலைக்கு வாங்குவதால் கிண்டில்தான் வழி என்று நினைக்கிறேன். தமிழ் மின்னூல் 2016 டிசம்பர் முதல் அங்கே முறையாகக் கிடைக்கிறது, பல பதிப்பகங்கள் வேறு எங்கும் தருவதில்லை. அங்கே வாங்கியது பெரும்பாலும் கோபோவில் திறக்காது. வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 முதல் எடுத்துவிட்டார்கள். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் எடுப்பது ஒரே நேரத்தில் 20 நூல் வரை, சந்தா நின்றால் அவையும் போய்விடும். திரும்பத் திரும்பப் படிக்கும் நூலை விலைக்கே வாங்குங்கள்.

நாகலூர்

அப்படியானால் பேப்பர்ஒயிட் என்றே வைத்துக்கொள்கிறேன். ஸ்கேன் இருபதுக்கு என்ன வழி? 10.3 அங்குலம் பட்ஜெட்டில் வராது. கலர் திரை எடுத்தால் உதவுமா?

அஸ்தம்பட்டி வாசகி

கலர் வேண்டாம். கலைடோ 3 என்ற வண்ண ஈ-இங்க் திரையில் கறுப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150தான். வண்ண வடிகட்டி மேலே படிந்திருப்பதால் தாள் நிறம் மங்கும், விளக்கு எப்போதும் எரிய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அதற்கு நேர்மாறானது தேவை. பேப்பர்ஒயிட்டில் இளமஞ்சள் விளக்கு இருக்கிறது, அடிப்படை மாடலில் இல்லை. எழுத்தின் தடிமனையும் கூட்டிக்கொள்ளலாம், புரை எடுத்த கண்ணுக்கு அதுவும் உதவும்.

ஒன்று சொல்கிறேன். பெரிய எழுத்தில் தமிழ்ச் சொல் நீளமாக இருப்பதால் வரிக்கு மூன்று, நாலு சொல்தான் அமையும். இருபக்கமும் ஒழுங்கு செய்தால் நடுவில் ஆறு மாதிரி இடைவெளி ஓடும். இடப்பக்க ஒழுங்குக்கு மாற்றுங்கள். சங்கப் பாடலுக்கு மட்டும் கருவியைப் படுக்கையாகத் திருப்பிக்கொண்டால் அடி உடையாமல் இருக்கும்.

ஸ்கேன் இருபதுக்கு, கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள். பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாக வெட்டி, சின்னத் திரைக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கித் தரும். எழுத்தைப் படிக்காமல் படமாகவே கையாளுவதால் பழைய அச்சு, பழைய 'ணை', 'லை' வடிவம் எதுவும் தடையில்லை. சிக்கல் வருவது சாய்ந்த ஸ்கேனிலும், இரண்டு பக்கம் சேர்த்து எடுத்த ஸ்கேனிலும், செய்யுளிலும். செய்யுளை உரைநடை என்று நினைத்து அடிகளை ஒட்டிவிடும், அதற்கு மறு அடுக்கை அணைத்துவிட்டு ஓரம் வெட்டுவதோடு நிறுத்துங்கள். முழு நூலையும் ஓட்டும் முன் பத்துப் பக்கம் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

மரவனேரி

ஏற்றும் முறையும் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி வழியாகப் போட்ட ஈபப்பைக் கிண்டில் திறக்காது. காலிபரில் கிண்டிலின் வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் அமேசானின் 'கிண்டிலுக்கு அனுப்பு' பக்கத்தில் ஈபப்பாகவே ஏற்றலாம். வலைப்பக்கம் வழியாக ஒரு கோப்பு 200 எம்பி வரை, மின்னஞ்சல் வழியாக 50 எம்பி வரை. மின்னஞ்சல் என்றால் அனுப்பும் முகவரியை முதலில் ஒப்புதல் பட்டியலில் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் கோப்பு வந்து சேராது. பழைய கிண்டில் வடிவமான மோபி இனி அனுப்ப முடியாது. ஸ்கேனை அனுப்பும்போது 'convert' (மாற்று) என்று மின்னஞ்சல் தலைப்பில் கேட்காதீர்கள், குப்பையாக வரும்.

கம்ப்யூட்டரில் செருகியும் கிண்டில் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜுக்கு மட்டும் உள்ள கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன.

நாகலூர்

விலை இன்று பார்த்து 20,000க்குள் உறையும் சேர்த்து அடக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. எஸ்டேட்டில் வைஃபை இல்லை, செல்போன் ஹாட்ஸ்பாட்தான். போதுமா?

ஒண்டிக்கடை

தாராளமாப் போதும்ங்க. பேப்பர்ஒயிட் 2025 ஏப்ரல்ல இங்க வந்தப்ப 16,999, உறைக்கு இடம் இருக்கு. ஒரு நாவல் ரெண்டு, மூணு எம்பிதான், சிக்னல் ஒரு கோடு இருந்தாலே இறங்கிரும். ஸ்கேனை மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள்லயே ஏத்துங்க. கருவியில ஹாட்ஸ்பாட் பேரு தெரியலைன்னா போன்ல அதை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. கணக்கு சேர்க்கறது, எழுத்துரு, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாத்தையும் சேலத்துலயே முடிச்சு, நாலு புத்தகம் ஏத்தி, ஏரோப்ளேன் மோடுல போட்டு மேல கொண்டு போங்க. பெரியவர் திறந்தா நேராப் புத்தகம் இருக்கணும்.